கிரிக்னார்டு தொடங்கவே மாட்டேன் என்கிறது, மிச்சத்தையும் ஊற்றிவிடலாமா?

குடுவைக்காரன்:
ஃபீனைல் மக்னீசியம் புரோமைடு (மக்னீசியமும் புரோமோபென்சீனும் ஈதரில் வினைபுரிந்து வரும் கிரிக்னார்டு வினைபொருள்), மூன்றாவது முயற்சி. மக்னீசியம் சுருள் 2.4 கிராம், புரோமோபென்சீன் 15.7 கிராம், உலர் ஈதர், மேலே நைட்ரஜன். புரோமைடில் (புரோமோபென்சீனில்) கால்வாசி விட்டு, அயோடின் ஒரு படிகமும் போட்டு அரை மணி நேரமாகிறது, பழுப்பு நிறம் அப்படியே நிற்கிறது. சூடாக்கினால் ஈதர் கொதிக்கிறது, சூட்டை எடுத்தால் அடங்கிவிடுகிறது. மிச்சப் புரோமைடையும் ஊற்றினால் கிளம்புமா?

உப்புக்கல்:
ஊற்றாதீர்கள்! தொடங்காத குடுவையில் புரோமைடு சேரச் சேர அது மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஈதரின் கொதிநிலையோ 35 டிகிரிக்குள்தான், குளிர்விப்பான் வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும். கால்வாசியே அதிகம், பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறம் மறைந்து, கரைசல் கலங்கி, சூடு இல்லாமலே ஈதர் கொதித்தால்தான் தொடங்கியதாக அர்த்தம், அப்புறம் சொட்டுச் சொட்டாக விடலாம். ஐஸ் தொட்டி பக்கத்திலேயே இருக்கட்டும்.

பழைய ஆய்வகம்:
சுருள் எத்தனை நாள் பழசு? மேலே ஆக்சைடு படலம் இருந்தால் ஈதர் எவ்வளவு உலர்ந்திருந்தும் பயனில்லை. புதிதாகத் தொடங்கும்போது சுருளை மட்டும் நைட்ரஜனில் நன்றாகக் கிளறுங்கள், ஒன்றோடொன்று உரசிப் படலம் உடையும். அப்புறம் 1,2-டைபுரோமோஈத்தேன் நாலைந்து சொட்டு. அது மக்னீசியத்தோடு வினைபுரிந்து எத்திலீனாகக் குமிழியிட்டுப் போய்விடும், உலோகப் பரப்பும் சுத்தமாகும். எனக்கு அயோடினைவிட இதில்தான் நம்பிக்கை. அயோடின் போட்டாலும் உடனே கிளறாதீர்கள், படிகம் உலோகத்தின் மேலேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.

குடுவைக்காரன்:
சுருள் பழசுதான். சொட்டுப் புனலையும் அடுப்பில் உலர்த்தவில்லை, அசிட்டோனில் கழுவிக் காற்றில் வைத்தேன்.

உப்புக்கல்:
அசிட்டோனா? அது கீட்டோன் ஆயிற்றே, மிச்சம் இருந்தால் கிரிக்னார்டு வினைபொருளைத் தின்றுவிடும். உங்கள் அளவுக்கு, அதாவது 0.1 மோலுக்கு, 1.8 கிராம் நீர் போதும், மொத்தமும் பென்சீனாகிவிடும். தொடங்கவிடாமல் செய்ய அதில் ஒரு துளியே போதும். கண்ணாடிக் கருவிகள் எல்லாவற்றையும் 120 டிகிரியில் உலர்த்தி, நைட்ரஜனில் ஆறவிடுங்கள்.

குடுவைக்காரன்:
நேற்று புதுச் சுருளோடு முதலிலிருந்து செய்தேன். டைபுரோமோஈத்தேன் விட்டுப் பத்து நிமிடத்தில் கலங்கியது, கொதிப்பு ஏறி ஐஸ் தொட்டியை இரண்டு தடவை தூக்க வேண்டியிருந்தது. பென்சோஃபீனோன் சேர்த்து அம்மோனியம் குளோரைடு கரைசலில் வினையை முறித்தேன், எனக்கு வேண்டிய ஆல்கஹாலான டிரைஃபீனைல் மெத்தனால் வந்துவிட்டது, ஆனால் கூடவே பைஃபீனைல் என்ற துணைப்பொருளும்.

பழைய ஆய்வகம்:
புரோமைடை வேகமாக விட்டிருப்பீர்கள். பெட்ரோலியம் ஈதரில் கழுவுங்கள், பைஃபீனைல் கரைந்து போய்விடும், ஆல்கஹால் தங்கிவிடும்.