ஜப்பானில் ஹோட்டலுக்குப் போனால் வாய் திறக்க வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

நகோயா_புதியவன்:

வணக்கம். சென்னையில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்து, ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலையை முடித்துவிட்டு, நான்கு மாதத்துக்கு முன் வேலைக்காக நகோயா வந்தேன். ஆபீசில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள், வேலை ஆங்கிலத்திலேயே ஓடிவிடுகிறது. மதியம் தனியாகச் சாப்பிடப் போகும்போதுதான் சிக்கல்.

போன வாரம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன உதோன் (தடித்த நூடுல்ஸ்) கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியதைக் காட்டி "கொரே ஒ ஹிதொட்சு குதாசாய்" என்று சரியாகவே சொன்னேன். கவுன்டரில் இருந்த அம்மா உடனே வேகமாக ஏதோ கேட்டார். புரியவில்லை, ஆமாம் என்ற பொருளில் "ஹாய்" என்றேன். அவர் ஒரு நொடி நின்றார். அதையே கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். மறுபடியும் "ஹாய்" என்றேன். கடைசியில் அவர் தோளைக் குறுக்கிக் குளிரில் நடுங்குவது போலவும், வாயால் ஊதி ஆற்றுவது போலவும் மாறி மாறிச் செய்து காட்டினார். சூடாக வேண்டுமா, குளிர்ந்தது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்! இரண்டும் நான் முதல் மாதமே படித்த வார்த்தைகள். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து கொன்பினி என்ற சின்ன சூப்பர் மார்க்கெட்டில் ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வாங்கி மேசையிலேயே சாப்பிடுகிறேன். இதற்காகவா இரண்டு வருடம் படித்தோம் என்று மனசு வலிக்கிறது. மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலும் முடியாது. இதே நிலையைத் தாண்டி வந்தவர்கள் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

ஓசாகா_6வருடம்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஆர்டர் சரியாகவே கொடுத்திருக்கிறீர்கள். மாட்டிக்கொண்டது அவர் திருப்பிக் கேட்ட கேள்வியில். எனக்கும் முதல் வருடம் இதேதான். என்ன சொல்வது என்று மட்டும் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போவேன், அவர்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்ததே இல்லை. ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. கேட்கும் பகுதி உண்டு, ஆனால் பாடத்தில் நாம் படித்தது "தாபெமாசு". கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசும்போது அதே சாப்பிடுவதை "மெஷியாகாரிமாசு" என்பார், செய்வதை "நசாய்மாசு" என்பார். தெரிந்த விஷயத்தையே தெரியாத வினைச்சொல்லில் கேட்கிறார்கள், நாம் அந்த வினைச்சொல்லிலேயே நின்றுவிடுகிறோம்.

நல்ல செய்தி என்னவென்றால் கேள்விகள் மிகக் கொஞ்சம், வரும் வரிசையும் அநேகமாக மாறாது. உள்ளே நுழைந்ததும் எத்தனை பேர் என்பார்கள், ஒரு விரலைக் காட்டி "ஹிதோரி தேசு" என்றால் போதும். உட்கார்ந்ததும் தண்ணீர் வரும், முடிவு செய்துவிட்டீர்களா என்பார்கள். ஆர்டர் சொன்ன பிறகு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்: சூடா குளிரா, சோறு அதிகமா அளவாகவா, காபி சாப்பாட்டோடா பிறகா. அப்புறம் இவ்வளவுதானா என்ற கேள்வி. கல்லாவில் பில் சேர்த்தா தனித்தனியா, பாயின்ட் கார்டு இருக்கிறதா, அவ்வளவுதான். காபிக் கடையிலும் பர்கர் கடையிலும் இங்கேயே சாப்பிடுகிறீர்களா, பார்சலா என்று கட்டாயம் கேட்பார்கள், காரணம் 2019 அக்டோபரிலிருந்து உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8. காரணம் தெரிந்த பிறகு அந்தக் கேள்வி எனக்குத் தப்பியதே இல்லை, காது தானாக எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது.

உங்கள் உதோன் கடைக் கேள்வியில் "தொச்சிரா" என்று ஒரு சொல் வந்திருக்கும். "எது" என்று அர்த்தம். அது காதில் விழுந்த உடனே "ஹாய்" என்ற சொல்லை நிறுத்திவிடுங்கள். அவர் சொன்ன இரண்டில் எது காதில் நின்றதோ அதைத் திருப்பிச் சொல்லி "ஒனெகாய்ஷிமாசு", அதாவது தயவுசெய்து என்பதைச் சேருங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் "சுமிமாசென், மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாசு", மன்னிக்கவும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. "கொரே ஒ ஹிதொட்சு குதாசாய்" என்பதை ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். கொரே என்றால் இது, ஒ நம்முடைய 'ஐ' உருபு, ஹிதொட்சு ஒன்று, குதாசாய் கொடுங்கள். இதை ஒன்று கொடுங்கள். வரிசை அப்படியே நம்முடையது! ருசித்துப் பார்க்கிறேன் என்பதற்குக் கூட "தாபெதே மிமாசு", சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். என்னோடு படித்த ஆங்கிலேயர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நமக்கு அந்த வேலை இல்லை. தமிழில் நினைத்துப் பேசுங்கள், ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்.

சைவம்_யோகோஹாமா:

அண்ணா சொன்னது எல்லாம் சரி. மாடு, பன்றி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வந்த புதிதில் "நிகு நுகி தே ஒனெகாய்ஷிமாசு", இறைச்சி இல்லாமல் கொடுங்கள் என்று சாலட் கேட்டேன். மேலே பேகன் என்ற பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பெண் ஏமாற்றவில்லை. 'நிகு' என்றால் இங்கே பலருக்குத் துண்டு போட்ட இறைச்சிதான் மனதில் வருகிறது, பேகனும் ஹாமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் பொதுப்பெயர் வேண்டாம், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: மாடு "க்யூனிகு", பன்றி "புதாநிகு", அப்புறம் பேகன், ஹாம் என்று தனியாக.

உங்களுக்குத் தட்டில் தெரிவதைவிடத் தெரியாததுதான் பிரச்சினை. தொன்கொட்சு ராமென் என்ற நூடுல்சில் சூப்பே பன்றி எலும்பைக் கொதிக்க வைத்தது. கியோசா என்ற கொழுக்கட்டைக்குள் பெரும்பாலும் பன்றிதான். ஹம்பாகு என்ற ஹாம்பர்க் ஸ்டேக் பல கடைகளில் மாடும் பன்றியும் கலந்த கொத்துக்கறி. காய்கறிக் குழம்பாகத் தெரியும் கறி ரைசில் கூட அந்த மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருப்பது சகஜம். எனவே "ஹைத்தே இமாசு கா", சேர்ந்திருக்கிறதா என்று கேட்கும்போது சூப்பையும் சேர்த்துக் கேளுங்கள். என்னைப் போல மீனும் கூடாது என்பவர்களுக்கு தாஷி என்ற அடிச்சாறு இன்னொரு தலைவலி, உதோன் சாறு, மிசோ சூப் எல்லாவற்றிலும் கட்சுவோ மீன் தாஷி இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சாப்பிடாதவற்றை ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி, கூட வேலை செய்யும் ஒருவரிடம் திருத்தி வாங்கிப் பர்சில் வைத்திருக்கிறேன். அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நிற்காமல் வாயாலும் கேட்பேன். சமையற்கட்டுக்குள் எடுத்துப்போய்க் காட்டி ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னவர்கள் பலர்.

பகுதிநேரம்_புகுவோகா:

நான் படிக்க வந்தவள். மாணவர் விசாவில் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பதால் இசகயா என்ற மது விடுதி ஒன்றில் பரிமாறுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? முதல் நாளே ஒரு கையேடு கொடுத்து, எந்த நேரத்தில் எந்த வாக்கியம் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நீங்கள் கேட்டுப் பயப்படும் அந்த நீளமான மரியாதை வாக்கியங்களை நாங்களும் அப்படியே ஒப்பிக்கிறோம். நாளெல்லாம் அதே பத்துப் பதினைந்துதான்.

எங்களுக்குக் கஷ்டம் தருவது தப்பான ஜப்பானிய மொழி இல்லை, "ஹாய்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான். சரியா தப்பா தெரியாமல் எதைக் கொண்டுவந்து வைப்பது? அந்த உதோன் கடை அம்மா நடித்துக் காட்டியதும் அதனால்தான், உங்களுக்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்று நின்றிருக்கிறார். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆர்டர் எடுத்து முடித்ததும் நாங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்வோம். அதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் சொன்ன பண்டங்களின் பெயர்களேதான் என்பதால் புரியும், தப்பு இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது "தைஜோபு தேசு" என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வோம், வேண்டும் என்றால் "ஒனெகாய்ஷிமாசு" என்று சொல்லுங்கள். கூப்பிடத் தயங்காதீர்கள், "சுமிமாசென்!" என்று சத்தமாகக் கூப்பிடுவது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. மெல்லிய குரலில் கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்கவே கேட்காது.

தயவுசெய்து இந்த வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். குறில் நெடிலும், ஒற்று அழுத்தமும் நமக்கு இயல்பாகவே வரும், 'பிரு' என்றால் கட்டடம், 'பீரு' என்றால் பீர் என்பதில் நாம் தடுமாறுவதே இல்லை. ஆனால் க, த, ப எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் மென்மை என்று நம் எழுத்து காட்டாது. ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவிலேயே எழுதுங்கள்.

வேகமாக_முடிப்பவன்:

இப்போது பாதிக் கடைகளில் டேப்லெட் இருக்கிறது, சில இடங்களில் ஆங்கில மெனுவும் உண்டு. ராமென் கடையில் மெஷினில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. இவ்வளவு சிரமம் எதற்கு?

ஓசாகா_6வருடம்:

பசிக்குச் சாப்பிட அது போதும், நானும் அவசரத்தில் அப்படித்தான். ஆனால் தம்பி கேட்டது பேசப் பழகுவதற்கு. சூப்பில் பன்றி இருக்கிறதா என்று டேப்லெட்டிடம் எப்படிக் கேட்பது?

இச்சினோமியா_அக்கா:

நகோயாவில் இருந்துகொண்டு மதிய நேரத்து உதோன் கடையில் பழகப் பார்த்தால் எப்படி? பின்னால் வரிசை நிற்கும்போது யாருக்குமே பேச வராது. உங்கள் ஊரில் காலை நேரத்துக் கிஸ்ஸாத்தென் இருக்கிறது, அங்கே போங்கள். பழைய காலத்துக் காபிக் கடை. காலையில் ஒரு காபி சொன்னால் அந்த விலைக்கே டோஸ்டும் வேகவைத்த முட்டையும் சேர்த்துத் தருவார்கள், 'மோனிங்கு' என்று பெயர். நம் பக்கத்துப் பெருமை இது.

உட்கார்ந்து "ஹொத்தோ ஒனெகாய்ஷிமாசு" என்றால் சூடான காபி. மோனிங்கு சேர்க்கட்டுமா என்பார்கள், ஆமாம். டோஸ்டில் வெண்ணெயா, இனிப்புப் பயறு விழுதா என்று சில இடங்களில் கேட்பார்கள். இரண்டு மூன்று கேள்விதான், அவசரமே இல்லை. சின்னக் கடையாக, வயதான அம்மா ஒருவர் தனியாக நடத்தும் கடையாகப் பாருங்கள். வார நாளில் ஒரே நேரத்துக்கு, ஒரே கடைக்கு, ஒரே நாற்காலிக்குப் போங்கள். மூன்றாவது நாள் அவரே பேச்சுக் கொடுப்பார். எனக்கு இந்த மொழி வந்தது வகுப்பில் இல்லை, அப்படி ஒரு கடையில்தான். அந்த அம்மா என் பிள்ளையின் பள்ளி நோட்டீசைக் கூட வாசித்து விளக்கியிருக்கிறார்.

நகோயா_புதியவன்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அக்கா சொன்ன மாதிரி வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு கடை கிடைத்தது. ஆறு நாற்காலி, ஒரு டி.வி., பேப்பர் படிக்கும் இரண்டு தாத்தாக்கள். முதல் நாள் "ஹொத்தோ" சொன்னேன், மோனிங்கு கேள்வி வந்தது, எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததால் அப்படியே புரிந்தது. அடுத்து எதிர்பார்க்காத ஒன்று வந்தது. ஒரு நொடி "ஹாய்" நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பால் ஊற்றட்டுமா என்று கேட்டிருக்கிறார். முட்டை இன்னும் சூடாக இருந்தது, உரித்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு கடையில் நிதானமாகச் சாப்பிட்டேன்.

உதோன் கடைக்கும் போனேன். அதே அம்மா. அவர் கேட்பதற்கு முன்பே "குளிர்ந்தது" என்று சொல்லிவிட்டேன், அவர் சிரித்துவிட்டார். சாற்றில் பன்றி இல்லை, மீன்தான் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது புதுக் கேள்வி ஒன்று. கிஸ்ஸாத்தென் அம்மா, உங்கள் ஊரில் காபி எப்படிக் குடிப்பார்கள் என்று நேற்றுக் கேட்டார். டிகாக்ஷன், பால், டபரா செட், ஆற்றிக் குடிப்பது, இதையெல்லாம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறேன். டிகாக்ஷன் இறங்குவதை எப்படிச் சொல்வது?

பகுதிநேரம்_புகுவோகா:

சொட்டுச் சொட்டாக விழுவதற்கு "பொதா பொதா" என்பார்கள். ஆற்றுவதற்கு ஒரே சொல் தேடாதீர்கள், இரண்டு தம்ளர் கேட்டு வாங்கித் தண்ணீரில் ஆற்றிக் காட்டுங்கள், என்ன பெயர் வைப்பது என்று அவரே சொல்லட்டும்.