ஏற்றத்தில் மட்டும் வரும் வோல்டேஜ் எரர்: பேட்டரியா, கன்ட்ரோலரா?

எலக்ட்ரிக் சைக்கிள் தெரிந்தவர்கள் உதவ வேண்டும். என்னுடையது 48 வோல்ட், 13 செல் வரிசைகள் தொடராக இணைந்த லித்தியம் பேட்டரி. சமதரையில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஏற்றத்தில் த்ராட்டிலை முழுதாகத் திருகினால் டிஸ்பிளேயில் 'பேட்டரி வோல்டேஜ் குறைவு' என்று வந்து மோட்டார் நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும்.

முழு சார்ஜில் மல்டிமீட்டர் 54.4 காட்டுகிறது, 54.6 வர வேண்டிய இடத்தில். அதனால் சார்ஜரைச் சந்தேகிக்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றினால் எரர் வரவே இல்லை. சுமை இல்லையே, எப்படி வரும்! மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் கட்ஆஃப், அதாவது அதற்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும் அளவு, 42 வோல்ட். டிஸ்பிளே செட்டிங்கும் 48-தான், பார்த்துவிட்டேன்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். ஏறி நின்றதும் தொட்டுப் பார்த்தால் பேட்டரி கனெக்டர் நன்றாகச் சூடாக இருக்கிறது, ஒரு பின் லேசாகக் கருத்திருக்கிறது. வோல்டேஜ் அங்கேதான் விழுகிறதா, அல்லது ஒரு செல் வரிசை பலவீனமாகி பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) துண்டிக்கிறதா? சுமையோடு ஓட்டும்போது கனெக்டரின் இரு பக்கமும் பாதுகாப்பாக அளப்பது எப்படி? பேட்டரிப் பெட்டியைத் திறக்க எனக்குக் கொஞ்சம் பயம்தான். கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.