குடும்பக் குழுவில் சில்லி பஞ்சாயத்து

செல்வி (ஆஸ்டின்): நாளை மத்தியானம் இவருடைய ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். சில்லி செய்யப்போகிறேன், அதுதான் இந்த ஊர் மிளகாய் போட்ட கெட்டிக் கறிக்குழம்பு. ராஜ்மா ஊறப்போட்டாயிற்று.

பிரபு: ராஜ்மாவா! வருகிறவர்களில் இரண்டு பேர் சான் அன்டோனியோக்காரர்கள். பீன்ஸ் கிடந்தால் அதைச் சில்லி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1977ல் இதை மாநில உணவாகவே அறிவித்த டெக்சாஸ் இது.

ரவி அண்ணன் (சின்சினாட்டி): இங்கே ஸ்பகெட்டி மேல் ஊற்றி, துருவிய சீஸைக் குவித்துத் தருகிறார்கள். பட்டை வாசம் தூக்கும். பீன்ஸ், வெங்காயம் கேட்டால் போடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் சில்லி.

செல்வி: அண்ணா, நூடுல்ஸுக்குக் குழம்பு ஊற்றினால் அது சில்லியா?

ரவி அண்ணன்: 1922ல் மாசிடோனியாவிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் போட்ட கடையில் தொடங்கிய பழக்கம். அவர்களிடம் போய்க் கேள்.

சித்தி (திண்டுக்கல்): செல்வி, நான் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள்தானே போடுகிறாய்?

செல்வி: ஐயோ சித்தி, வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். இங்கே சில்லி பவுடர் என்று விற்பதில் சீரகம், பூண்டுத்தூள், ஓரிகானோ எல்லாம் கலந்திருக்கும். குறிப்பில் கால் கப் என்று இருப்பதைப் பார்த்து நம் தூளைக் கொட்டினால் அவ்வளவுதான். நான் பவுடரே வாங்குவதில்லை. ஆன்ச்சோ என்கிற காய்ந்த மெக்சிகன் மிளகாயை விதை நீக்கி, தோசைக்கல்லில் லேசாகப் புரட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைப்பேன். காரம் அதிகம் இருக்காது, உலர்திராட்சை வாசம் வரும். கொஞ்சம் கருகினாலும் கசந்துவிடும்.

சித்தி: சீரகம் உண்டுதானே? அப்போது சரி. கறி?

செல்வி: இந்த ஊர்க்காரர்கள் மாட்டுக்கறியில் செய்வார்கள். நம் வீட்டில் ஆட்டுத் தொடைக்கறிதான்.

கவிதா அண்ணி: நான் வான்கோழிக் கொத்துக்கறி, இவருக்குக் கொலஸ்ட்ரால். இறக்கும்போது ஒரு துண்டு டார்க் சாக்லேட்.

ரவி அண்ணன்: சாக்லேட்டா? எனக்குத் தெரியாதே!

கவிதா அண்ணி: தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டீர்கள். செல்வி, ராஜ்மாவைப் பச்சையாக ஸ்லோ குக்கரில் போட்டுவிடாதே. அதில் சரியாகக் கொதி வராது. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதலில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

செல்வி: குக்கரில் விசில் விட்டுத்தான் அண்ணி போடுவேன்.

பிரபு: ராஜ்மாவைத் தனிக் கிண்ணத்தில் வையேன். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

செல்வி: உங்கள் மகள் கறியை ஒதுக்கிவிட்டு ராஜ்மாவைத்தான் பொறுக்கித் தின்கிறாள். அது சட்டிக்குள்தான் போகும். நீங்கள் சமைக்கிற அன்று போடாமல் சமையுங்கள்.

பிரபு: சரி, விடு.

சித்தி: மாப்பிள்ளை சொல்வதையும் கொஞ்சம் கேளடி. கூட என்ன?

பிரபு: கார்ன்பிரெட் அத்தை, மக்காச்சோள மாவு ரொட்டி. சர்க்கரை போடாதது.

சித்தி: சோறு?

பிரபு: அவர்கள் கிளம்பின பிறகு வைப்போம் அத்தை.