‘கல்வி மாவட்டம்’ பொருந்தவில்லை: கவுண்டிப் பள்ளி அமைப்புக்குப் ‘பள்ளியாட்சி’ என்னும் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என வழங்கும் அமைப்புக்குத் தமிழில் எந்தச் சொல்லைக் கையாள்வது என்னும் இந்த இழையில் ‘பள்ளி மாவட்டம்’, ‘கல்வி மாவட்டம்’, ‘கல்வி வலயம்’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே நிலப்பரப்பைச் சுட்டுகின்றன. நாம் பெயரிட முயலும் பொருளோ எல்லைக்கோட்டுக்குள் அடங்கும் ஒரு பரப்பு மட்டும் அன்று. அது வாக்காளர் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றத்தையும், தனக்கென ஒரு வரவுசெலவுத் திட்டத்தையும், ஆசிரியர்களைப் பணியமர்த்தவும் பள்ளிகளைத் திறக்கவும் மூடவும் உரிய அதிகாரத்தையும் கொண்ட ஓர் உள்ளாட்சி. ஆகவே நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று நம் நாவில் ஏற்கெனவே பழகிய வரிசையில் ‘பள்ளியாட்சி’ என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

முதலில் ‘கல்வி மாவட்டம்’ ஏன் பொருந்தாது என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு நிலைபெற்ற பொருள் ஒன்று உண்டு. வருவாய் மாவட்டத்தைப் பிரித்து, மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவரின் பொறுப்பில் பள்ளிக் கல்வித் துறை ஒப்படைக்கும் பகுதியே அது. அங்கே தேர்தல் இல்லை, தனி வரவுசெலவு இல்லை, வரி பற்றிய பேச்சே இல்லை. ஆசிரியரின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. இலங்கையின் கல்வி வலயமும் வலயக் கல்விப் பணிப்பாளரின் கீழ் இயங்கும் துறைசார் பிரிவுதான். இச்சொற்களில் ஒன்றை அமெரிக்க அமைப்புக்கு வைத்தால், மேலிடத்து உத்தரவை நிறைவேற்றும் ஓர் அலுவலகம் என்னும் எண்ணமே படிப்பவர் மனத்தில் எழும். ஓய்வுபெற்ற ஒருவர் தம் வீட்டு வரி உயர்வதைக் கண்டு மன்றக் கூட்டத்துக்கு வந்து பேசுவதும், ஒரு பள்ளியின் சேர்க்கை எல்லையை மாற்றியமைத்த உறுப்பினர் அடுத்த தேர்தலில் பதவி இழப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கா.

ஒரு கவுண்டியை, அதாவது மாநிலத்துக்குள் அடங்கிய ஓர் உள்ளாட்சிப் பகுதியை, எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, தலைநகர் வாஷிங்டனை ஒட்டியுள்ள பெரிய புறநகர்ப் பகுதி. அதன் பொதுப்பள்ளிகளில் ஏறத்தாழ 1,80,000 மாணவர்கள் படிக்கின்றனர். பள்ளிகளை ஆளும் மன்றத்தில் 12 உறுப்பினர்கள் உள்ளனர். 9 பேர் தொகுதிவாரியாகவும் 3 பேர் கவுண்டி முழுவதற்குமாகவும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மாணவர் சார்பில் ஒருவரும் அவையில் அமர்கிறார். அவர் பேசலாம், வாக்களிக்க இயலாது. இம்மன்றம் என்றும் இப்படி இருந்ததில்லை. வர்ஜீனியாவில் பள்ளி மன்றங்கள் நெடுங்காலம் நியமன மன்றங்களாகவே இருந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு வழி திறந்த பின், ஃபேர்ஃபாக்ஸ் 1995இல் முதல் தேர்தலை நடத்தியது.

ஆனால் இம்மன்றத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் கவுண்டியின் பொது நிர்வாகத்தை நடத்தும் மற்றொரு தேர்வுபெற்ற அவையிடம், அதாவது ஒரு தலைவரும் 9 தொகுதி உறுப்பினர்களும் கொண்ட மேற்பார்வையாளர் மன்றத்திடம் உள்ளது. காவல், தீயணைப்பு, நூலகம், பூங்கா ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும் அதே அவைதான் பள்ளிகளுக்கும் ஒதுக்குகிறது. கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே செல்கிறது. பள்ளிகளின் வரவில் மிகப் பெரும் பங்கு இதுவே. மாநில அரசின் பங்கு அதற்கு அடுத்த நிலையிலும், கூட்டரசின் பங்கு சிறு அளவிலும் உள்ளன.

இந்த இரட்டை ஏற்பாட்டின் பொருள் நிதியாண்டின் ஓட்டத்தில்தான் முழுமையாகப் புலப்படும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜனவரியில், பள்ளிகளின் தலைமை நிர்வாகி தம் வரவுசெலவு முன்மொழிவைப் பள்ளி மன்றத்தின் முன் வைக்கிறார். மன்றம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தித் திருத்தி, பிப்ரவரியில் கவுண்டியிடம் கோரிக்கையாக அனுப்புகிறது. அதை அடுத்துக் கவுண்டி மன்றம் சொத்துவரி விகிதத்தை அறிவிக்கிறது. இந்த அறிவிப்பு முக்கியமானது: முடிவில் ஏற்கப்படும் விகிதம் அறிவித்ததை விடக் குறையலாம், மறு அறிவிப்பு இன்றி அதைத் தாண்ட முடியாது. எனவே பள்ளிகளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்பது அந்த அறிவிப்பிலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. கவுண்டி தன் ஒதுக்கீட்டை இறுதி செய்த பின், மே மாதத்தில் பள்ளி மன்றம் கிடைத்த தொகைக்கு ஏற்பத் தன் திட்டத்தை மீண்டும் வெட்டிச் சீரமைக்கிறது. வகுப்பில் எத்தனை மாணவர் என்பதும் ஆசிரியருக்கு எத்தனை விழுக்காடு ஊதிய உயர்வு என்பதும் அந்தச் சில வாரங்களில் முடிவாகின்றன.

குடிமகனின் பக்கம் நின்று பார்த்தால், 2024 நிதியாண்டில் அங்கே சொத்துவரி 100 டாலர் மதிப்புக்கு 1.095 டாலர். ஏழு இலட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 7,665 டாலர் ஆகிறது. அந்த வரிச்சீட்டை அனுப்புவது கவுண்டி. அதில் பெரும்பகுதியைச் செலவிடுவது வேறொரு மன்றம். வரி உயர்ந்தால் பழி முன்னதற்கு, வகுப்பு நெரிந்தால் பழி பின்னதற்கு. இரண்டும் அதே வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மேற்பார்வையாளர் மன்றம் பணத்தை மொத்தமாகவோ, கற்பித்தல், போக்குவரத்து, பராமரிப்பு போன்ற பெருந்தலைப்புகள் வாரியாகவோ ஒதுக்கலாம். அதற்குள் எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று கட்டளையிட முடியாது. பள்ளி மன்றமோ தன் திட்டம் எவ்வளவு நல்லதாயினும் அதற்காக ஒரு டாலர்கூட வரி விதிக்க முடியாது.

இந்தப் பிரிவினை வெறும் கணக்கு வழக்குச் செய்தி அன்று என்பதற்கு அதே வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி சான்று. இனப் பாகுபாட்டுப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று 1954இல் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்குத் தொகுப்பில் அந்தக் கவுண்டியின் வழக்கும் ஒன்று. 1951இல் ஃபார்ம்வில் ஊரில் கறுப்பின மாணவர்கள், பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் என்னும் மாணவியின் தலைமையில், தங்கள் பள்ளியின் இழிநிலையை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்ததில் தொடங்கியது அது. பிள்ளைகளை ஒன்றாகப் படிக்கவைக்க நீதிமன்றம் நாள் குறித்தபோது, கவுண்டியின் மேற்பார்வையாளர் மன்றம் 1959இல் பள்ளிகளுக்கான வரியை விதிக்கவே மறுத்தது. பணம் இல்லாமல் பொதுப்பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. வெள்ளையின மாணவர்களுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலர் ஆண்டுக்கணக்கில் பள்ளியின்றி நின்றனர். 1964இல் உச்ச நீதிமன்றம், தேவைப்பட்டால் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு மேற்பார்வையாளர்களுக்கே நீதிமன்றம் ஆணையிடலாம் என்று தீர்ப்பளித்தது. பள்ளியை நடத்தும் மன்றத்தின் மீது மட்டும் ஆணை பிறப்பித்துப் பயனில்லை என்பதை அந்த வழக்குக் காட்டியது. பணப்பையின் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லாத கலைச்சொல்லைக் கொண்டு இந்த வரலாற்றைத் தமிழில் எழுத முடியாது என்பதே என் கருத்து.

இங்கே முந்தைய மடலில் எழுப்பப்பட்ட ஐயம் ஒன்றுக்கு விடை கூற வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இவ்வாறுதானா என்று நண்பர் கேட்டிருந்தார். இல்லை. புளோரிடாவில் அரசமைப்பே ஒவ்வொரு கவுண்டியையும் ஒரு பள்ளி அமைப்பாக வகுத்துள்ளது. 67 கவுண்டிகள், 67 அமைப்புகள். ஆனால் அங்கே பள்ளி மன்றமே, மாநிலச் சட்டமன்றம் வகுத்த வரம்புக்குள், சொத்துவரியை விதிக்கிறது. டெக்சாசில் பெரும்பாலான அமைப்புகள் கவுண்டி எல்லைகளைச் சாராதவை. தமக்கெனத் தனி வரி விதிப்பவை. மேரிலாந்தில் 23 கவுண்டிகளுக்கும் பால்டிமோர் நகரத்துக்குமாக 24 அமைப்புகள் உள்ளன. வர்ஜீனியாவைப் போலவே அங்கும் வரி அதிகாரம் பள்ளி மன்றத்திடம் இல்லை. அம்மாநிலத்தின் மாண்ட்கமரி கவுண்டியில் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் மாணவ உறுப்பினருக்கு வரவுசெலவு உட்படப் பல பொருள்களில் வாக்குரிமையே உண்டு. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு.

எனவே பொதுச்சொல்லாகப் ‘பள்ளியாட்சி’யையும், வகைகளைப் பிரிக்கத் ‘தன்வரிப் பள்ளியாட்சி’ (தானே வரி விதிப்பது), ‘சார்நிதிப் பள்ளியாட்சி’ (வேறோர் அவை ஒதுக்கும் நிதியைச் சார்ந்தது) என்னும் இரு சொற்களையும் முன்வைக்கிறேன். ஃபேர்ஃபாக்ஸ் சார்நிதிப் பள்ளியாட்சி. புளோரிடாவின் ஹில்ஸ்பரோ தன்வரிப் பள்ளியாட்சி. இப்பிரிப்பு தொடரில் இயல்பாக அமர்கிறதா என்று பாருங்கள்: “சார்நிதிப் பள்ளியாட்சிகளில் ஆசிரியர் ஊதியம் கவுண்டி மன்றத்தின் வரி முடிவைப் பொறுத்தது.” எனக்கு இது உறுத்தவில்லை. அமெரிக்க வழக்கிலேயே பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது என்பதும் நமக்குத் துணை. வர்ஜீனியாவில் ‘டிவிஷன்’ என்கிறார்கள், மேரிலாந்தில் ‘சிஸ்டம்’ என்கிறார்கள். ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிரிவு, மாவட்டம், முறைமை என மூன்று சொற்கள் ஒரே பொருளுக்கு வந்து நிற்கும்.

‘பள்ளியாட்சி’ என்றால் ஒரு தனிப் பள்ளியின் நிர்வாகம் என்று பொருள்படாதா என்னும் மறுப்பு எழலாம். ஊராட்சி என்பதை எவரும் ஊரை ஆளும் செயல் என்று இன்று கொள்வதில்லை. ஓர் அமைப்பின் பெயராகவே கொள்கிறோம். தனிப் பள்ளியைக் குறிக்கப் ‘பள்ளி நிர்வாகம்’, ‘பள்ளி மேலாண்மைக் குழு’ ஆகியன வழக்கில் உறுதியாக உள்ளன. தேவைப்படும் இடத்தில் ‘கவுண்டிப் பள்ளியாட்சி’ என்று அடைகொடுத்தால் குழப்பம் நீங்கும். கவுண்டி என்பதையும் மாவட்டம் என்று பெயர்க்காமல் ஒலிபெயர்ப்பாகவே விடுவது நல்லது. ஆட்சியர் ஒருவரின் கீழுள்ள மாவட்டத்துக்கும் வரி விதித்து ஆளும் தேர்தல் அவையுடைய கவுண்டிக்கும் ஒப்புமை குறைவு.

மன்றத்தின் பெயரில் ‘வாரியம்’ வேண்டா என்பேன். மின்வாரியம், தேர்வு வாரியம், குடிநீர் வாரியம் எல்லாம் அரசு நியமிப்பவை. நகர்மன்றத்தைப் போல ‘பள்ளியாட்சி மன்றம்’ என்பதே தேர்தலை நினைவூட்டும். வெறுமனே ‘பள்ளி மன்றம்’ என்றால் இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம் போன்ற மாணவர் அமைப்பாகத் தோன்றும்; இந்த மடலில் விளக்கத்துக்காக மட்டுமே அதைக் கையாண்டேன். மன்றம் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தும் தலைமை நிர்வாகியைக் ‘கண்காணிப்பாளர்’ என்று எழுதினால் அலுவலகக் கோப்புகளைப் பார்ப்பவரோ காவல்துறை அதிகாரியோ நினைவுக்கு வருவார். வர்ஜீனியாவில் அவருடைய ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு மிகக்கூடாது. மன்றம் நீட்டிக்கவும் விலக்கவும் செய்யலாம். பேரூராட்சிகளில் ‘செயல் அலுவலர்’ இருப்பதால், ‘பள்ளியாட்சி முதன்மைச் செயல் அலுவலர்’ என்பது பொருந்தும் என எண்ணுகிறேன். புளோரிடாவின் பல கவுண்டிகளில் இப்பதவிக்கே வாக்காளர் நேரடியாக ஆள் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதால், இதைவிடச் சிறந்த சொல் கிடைத்தால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன்.

கல்வி வரி என்னும் சொல்லைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு நகரங்களின் சொத்துவரியில் ‘கல்வி வரி’ என்னும் கூறு இன்றும் உள்ளது. 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அவ்வரியை விதிக்க இடமளித்தது. ஜில்லா போர்டு நடத்திய உயர்நிலைப் பள்ளிகளில் படித்த தலைமுறைக்கு, பள்ளியை ஓர் உள்ளாட்சி நடத்துவது என்னும் கருத்தே புதிதன்று. அந்த நினைவு மங்கியதால்தான் ‘மாவட்டம்’ நமக்கு உடனே கைக்கு எட்டுகிறது.

எஞ்சியிருப்பது வர்ஜீனியாவின் நிதிப் பகிர்வுச் சூத்திரத்தின் பெயர். ஒவ்வொரு பள்ளியாட்சியின் பகுதியிலும் உள்ள சொத்தின் உண்மை மதிப்புக்கு 50 விழுக்காடு, குடிமக்களின் வருமானத்துக்கு 40 விழுக்காடு, சில்லறை விற்பனைக்கு 10 விழுக்காடு எடையளித்து, அப்பகுதி தன் கல்விச் செலவில் எவ்வளவு தாங்க முடியும் என்று மாநிலம் இரண்டாண்டுக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. அப்படிக் கிடைக்கும் எண்ணின் உச்சவரம்பு 0.8. ஃபேர்ஃபாக்சின் எண் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. தென்மேற்கு மலைப்பகுதியின் லீ கவுண்டிக்கு அது 0.2க்கும் கீழ். அதாவது மாநிலம் வகுத்த அடிப்படைத் தரத்துக்கான செலவில் ஃபேர்ஃபாக்ஸ் மூன்றில் இரண்டு பங்கைத் தானே ஏற்க, லீ கவுண்டிக்கு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மாநிலம் தருகிறது. வசதியுள்ள கவுண்டி தன் விருப்பப்படி அந்த அடிப்படைக்கு மேலும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்பதால், இந்தச் சூத்திரம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதே தவிரப் போக்குவதில்லை. இதற்கு ‘உள்ளூர்க் கூட்டுக் குறியெண்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மூலப் பெயருக்கு அது நெருக்கமானது. ஆனால் எதை அளக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ‘தாங்குதிறன் குறியெண்’ என்று வைக்கலாமா என்பதைப் பொருளியல் அறிந்த நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.