பொடித் தடுப்பு மருந்து நம் ஊர் ஈரக்காற்றைத் தாங்குமா?

பெரம்பூர் செவிலியர்:
நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 22 ஆண்டுகள் தடுப்பூசி போட்டு ஓய்வு பெற்றவள் நான். 2016 டிசம்பரில் வர்தா புயலில் மின்சாரம் போனபோது, மருந்துப் பெட்டியின் மூடியை யாரும் திறந்துவிடக் கூடாதே என்று அதன் பக்கத்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பு இன்னும் கனவில் வருகிறது.

தட்டம்மை மருந்து குப்பியில் பொடியாகத்தான் வருகிறது. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான். மிச்சத்தைக் கொட்டும்போது வயிறு எரியும். கரைக்காமல் பொடியையே மூச்சில் இழுக்க வைத்தால் ஊசியும் வேண்டாம், வீணாவதும் இல்லையே. ஏன் இன்னும் வரவில்லை?

கிண்டி ஆய்வு மாணவன்:
அம்மா, குப்பியில் இருப்பது உறைய வைத்து உலர்த்திய கட்டி. நுரையீரலுக்குள் போக வேண்டிய துகளோ 1 முதல் 5 மைக்ரான்தான் இருக்க வேண்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரிதானால் தொண்டையிலேயே படிந்துவிடும். மிகச் சிறிதானால் வெளிமூச்சோடு திரும்பிவிடும். அதனால் கரைசலைச் சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து உலர்த்துகிறோம். நீர் ஆவியாகும்வரை துளி அவ்வளவாகச் சூடாவதில்லை. உள்ளே இருக்கும் புரதம் பிழைப்பது அதனால்தான்.

அதற்குக் காவல் சர்க்கரை. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகி, புரதத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நன்றாக உலர்ந்திருந்தால் 100 டிகிரியிலும் இளகாது. ஈரம் ஏறினால் கதையே வேறு. மழைக்காலத்தில் டப்பா திறந்து கிடந்த கமர்கட்டை நினைத்துப் பாருங்கள்! துகள்கள் ஒட்டாமலிருக்க லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கிறோம். அது மேற்பரப்பில் ஓடுபோல் படியும். அப்படியும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் நீக்கிய அறைக்கு வெளியே குப்பியைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

ஆஸ்துமாவோடு முப்பது ஆண்டுகள்:
தம்பி சொல்வதை அனுபவத்தில் கண்டேன். கருவியில் போட்டு மூச்சில் இழுக்கும் பொடி அடைத்த மாத்திரைக் கூடுகளை (கேப்சூல்) உறையிலிருந்து பிரித்துக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு நவம்பரில் கூட்டைத் திறந்து பார்த்தால், பொடி உருண்டையாக ஒட்டிக் கிடந்தது. அந்த வாரம் முழுக்க மருந்து போதிய அளவு உள்ளே போகவில்லை, இரவில் படுக்கவே முடியவில்லை. இப்போது காய்ந்த டப்பாவில் வைத்து, தேவைப்படும்போது மட்டுமே எடுக்கிறேன். கருவிக்குள் மூச்சை விடுவதும் கூடாது. அந்த ஈரமே போதும்.

பெரம்பூர் செவிலியர்:
பெரியவர்கள் இழுப்பார்கள். ஒன்பது மாதக் குழந்தை எப்படி இழுக்கும்? முகத்தில் எதை வைத்தாலும் தட்டிவிடுமே.

கிண்டி ஆய்வு மாணவன்:
நீங்கள் கேட்பதுதான் கடினமான இடம், அம்மா. பொடியை முதலில் ஒரு பைக்குள் ஊதிப் பரப்பி, முகமூடி வழியாகச் சாதாரண மூச்சிலேயே உள்ளே போக வைக்கும் கருவியைச் செய்திருக்கிறார்கள். தட்டம்மைப் பொடியை இந்தியாவில் 60 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்ததால், குழந்தைகளுக்கு எவ்வளவு பலன் தரும் என்பது அதிலிருந்து தெரியாது. பொடியல்லாத, கரைத்த மருந்தைப் பனிப்புகையாக்கி நம் கிராமக் குழந்தைகளுக்குக் கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. அதில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் வந்தது. ஊசியில் சுமார் 95. தட்டம்மை பரவும் வேகத்துக்கு அந்தப் பத்து விழுக்காடு பெரிய ஓட்டை.

பெரம்பூர் செவிலியர்:
அப்படியானால் ஊசியே இருக்கட்டும். பொடி அந்த 95ஐ எட்டும் நாளில் எனக்குச் சொல்லுங்கள், தம்பி. முகமூடியைத் தட்டிவிடாமல் குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன்.