ஊர் வீடுகளில் கிடக்கும் கசெட்டுகள்

உறவுகளுக்கு வணக்கம்.

இந்த முறை தேர்த் திருவிழாவுக்கு மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கசெட் ஏதும் கிடந்தால் எறிய விடாதீர்கள். மேலே பாட்டு என்று எழுதியிருந்தாலும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் அப்பா 1983இல் சவூதிக்குப் போனவர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் அயலில் அப்போது தொலைபேசி இல்லை. நீல ஏரோகிராம் கடிதம் வரும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காதான் வாசித்துச் சொல்லுவார். அவர் வாசிப்பார் என்று தெரிந்துகொண்டு அப்பா மனசில் உள்ளதையெல்லாம் எழுத முடியுமா? அதனால் கசெட்டில் பேசி அனுப்பத் தொடங்கினார். லீவில் வருகிற யாராவது கொண்டுவருவார்கள். மண்முனைப் பாலம் 2014இல்தானே வந்தது. அதற்கு முன் ஆரையம்பதிப் பக்கமிருந்து மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்துதான் எதுவும் நம்மிடம் வந்து சேரும். அப்பாவின் குரலும் அப்படித்தான் வந்தது.

வீட்டில் கரண்ட் இல்லை. ரேடியோ செற்றுக்குப் பெரிய பற்றரி நாலு போட வேண்டும். பற்றரி களைத்துவிட்டால் அப்பாவின் குரல் இழுபட்டு, யாரோ தெரியாத கிழவர் பேசுவது போல ஆகிவிடும். தம்பி அழத் தொடங்குவான். அம்மா நாலையும் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வெயிலில் வைப்பார். பின்னேரம் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், அப்பாவும் பழையபடி அப்பாவாகிவிடுவார்.

புதுக் கசெட் வாங்க டவுனுக்குப் போக வேண்டும், காசும் வேண்டும். ஆகவே அவர் பேசியதன் மேலேயே நாங்கள் பதிலைப் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுத்து விடுவோம். அவரும் அதன் மேலேயே பேசி அனுப்புவார். நாலு வருடம் இப்படி ஒருவர் குரலை ஒருவர் அழித்து அழித்துத்தான் பேசிக்கொண்டோம். அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை. அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் ஒன்றே ஒன்று தப்பிக் கிடந்தது. அப்பா இப்போது இல்லை. அந்த ஒரு பக்கம், முப்பது நிமிடம், அவ்வளவுதான் மிச்சம்.

ஆகவே கசெட் கிடைத்தால் முதலில் அதன் மேல் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூலையிலும் சின்னச் சதுரமாக பிளாஸ்டிக் மூடி இருந்தால் உடைத்து விடுங்கள். பிறகு கை தவறி ரெக்கோட் பட்டனை அமத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போட்டுப் பார்க்கவே வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைக் கசெட் சக்கரத்தின் பல்லுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிரதி எடுக்கும் வேலையை நான் பார்க்கிறேன். செலவு பற்றி யோசிக்க வேண்டாம்.

அப்பாவின் கசெட்டைப் போன மாதம் கணினியில் ஏற்றினேன். அம்மா இப்போது என்னோடுதான், பக்கத்தில் இருந்தார். அப்பா ஒவ்வொரு கேள்வி கேட்டதும் பதிலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பார். "மறுகா, வேளாண்மை வெட்டியாச்சா புள்ள?" என்று கேட்டு நிறுத்தினார். பின்னால் எங்கோ மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

"ஓம், வெட்டியாச்சு" என்றார் அம்மா.