வலி மாத்திரையைச் சாப்பிட்டபின் போட்டாலும் வயிறு எரிவது ஏன்?

கேள்வி (மதுரைவாசி):
என் தாயாருக்கு 67 வயது. மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலிக்கும்போதெல்லாம், டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலேயே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வெறும் வயிற்றில் போடுவதில்லை. இருந்தும் சில வாரங்களாக மேல்வயிற்றில் எரிச்சலும் புளித்த ஏப்பமும் இருக்கின்றன. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் எடுக்கிறார். பாலுடன் விழுங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். அது உண்மையா?

பதில் (மருந்தாளுநர்):
பாலோ சோறோ குமட்டலையும் உடனடி எரிச்சலையும் சற்றுக் குறைக்கலாமே தவிர, புண் வராமல் தடுக்காது. இரைப்பையின் உட்சுவர் தன் அமிலத்தாலேயே அரிக்கப்படாமல் இருக்க, அதன்மேல் கோழைப்படலத்தைச் சுரக்கவைப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும், உடலே உண்டாக்கும் வேதிப்பொருள்கள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இவற்றின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்பதை பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். டைக்ளோஃபெனாக்கும் இவ்வகை மருந்துதான். வலி குறையும்போதே வயிற்றின் காப்பும் குறைவது அதனால்தான். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இது நடப்பதால், குடலில் கரையும்படி மேற்பூச்சுப் பூசிய மாத்திரையாலும், ஏன், ஊசியாலும்கூட வயிற்றில் புண் வரலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதயக்குழாய் நோய் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக்கைத் தவிர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தாயாரைப் பொறுத்தவரை வயிற்றெரிச்சலைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பதில் (நெல்லைச்சீமை):
என் தந்தையாருக்கும் இதே நிலைதான். வலிக்கும் நாள்களில் மட்டும் வெறும் பாராசிட்டமால் போடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். முழங்கால் வலிக்கு அது சுமாராகத்தான் கேட்கிறது என்றாலும் வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. மது அருந்துபவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதுவே அதிகம். முட்டியில் தடவும் வலிக் களிம்பும் ஓரளவு பயன்படுகிறது.

மதுரைவாசி:
மிக்க நன்றி. கடைக்காரர் கூடவே, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் தருகிறார். அதையும் அம்மா சாப்பிட்டபின்தான் போடுகிறார். அது போதாதா? டைக்ளோஃபெனாக்குக்குப் பதிலாக இபுப்ரோஃபென் தரலாமா?

பதில் (மருந்தாளுநர்):
பான்டோப்ரசோலைக் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு எடுப்பதே நல்லது. இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் அது காப்பளிக்கும். அதற்குக் கீழே உள்ள குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அல்ல. ஆகவே அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு டைக்ளோஃபெனாக்கைத் தொடர்வது சரியன்று. இபுப்ரோஃபெனும் இங்கே பொருந்தாது. ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கக்கூடும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். களிம்பிலும் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான் இருக்கும். தோல்வழி ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு என்றாலும், அதையும் அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கு வலியே இல்லாமலும் புண்ணிலிருந்து ரத்தம் கசியலாம். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, எழும்போது தலைசுற்றினாலோ மருத்துவரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அவர் அதை எடுக்கிறார் என்றால் அங்கே மறக்காமல் சொல்லிவிடுங்கள்.